வாய்விட்டு வாசிக்க வேண்டிய கிழக்கின் புத்தகங்கள்

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பற்றிய புத்தகங்களில் நல்லவை எவை என்று கேட்பவர்களுக்குப் பெயர்களைச் சொல்வது சுலபம். அவற்றை எப்படி வாசிப்பது என்று சொல்வதுதான் முக்கியம். இந்தக் கரையின் எழுத்து நெல் அடிக்கும் களவெட்டியிலும் கூத்துக் களரியிலும் கண்ணகை அம்மன் கோயில் மண்டபத்திலும் சந்தைக் கூச்சலிலும் பிறந்தது. கண்ணை மட்டும் ஓட்டினால் பாதிதான் கிடைக்கும். உதட்டை அசைத்து, முடிந்தால் வாய்விட்டே வாசித்தால் கரடுமுரடாகத் தெரிந்த பக்கங்கள் தாமாக இளகும். கீழே வரும் தெரிவுகள் நாவல், கவிதை, வரலாறு, இசை, இலக்கணம், பறவை என்று பல வகையானவை. ஒவ்வொன்றிலும் எங்கே தொடங்குவது, எங்கே தடக்கும், ஏன் தடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நாவலில் முதலில் கையில் எடுக்க வேண்டியது விமல் குழந்தைவேலின் 'கசகறணம்'. காலச்சுவடு 2011இல் வெளியிட்டது. களம் அக்கரைப்பற்று. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் வியாபாரிகளும் ஒரே சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து விற்று, கடன் மாறி, சண்டை பிடித்து, மறுநாள் பேசிக்கொண்ட உறவு எப்படி அறுந்தது என்பதுதான் கதை. அரசியல் பேச்சுகளை விட்டுவிட்டு, கூடையும் தராசும் கடன்கணக்கும் வழியாகவே அந்தப் பிளவைக் காட்டியிருப்பதால் அது நெஞ்சில் ஆழமாக இறங்குகிறது. கிழக்கின் இனமுரண்பாட்டைப் பற்றி ஒரேயொரு தமிழ் நாவல்தான் வாசிக்க நேரம் உண்டென்றால், அது இதுவாகவே இருக்கட்டும்.

தடக்குமிடம் உரையாடல். அக்கரைப்பற்று, கோளாவில் பக்கத்துப் பேச்சு அப்படியே எழுத்தில் இறங்கியிருக்கிறது. சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். வினைமுற்று பாதியில் நிற்கும். 'மறுகா', 'கா', 'மனே' எல்லாம் வரிக்கு வரி வரும். யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ இருந்து வாசிப்பவர்கள் ஒவ்வொரு சொல்லிலும் நின்று பொருள் தேடினால் சலித்துப்போவார்கள். நிற்க வேண்டாம். முதல் முப்பது பக்கத்தை வாய்விட்டு, பேசும் வேகத்திலேயே வாசியுங்கள். விளங்காத சொல் சில பக்கங்கள் தள்ளி வேறொருவர் வாயில் மறுபடி வரும். அப்போது அது தானாகப் பிடிபடும். பாத்திரங்கள் தொடக்கத்திலேயே கூட்டமாக வந்து இறங்குவதால், யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துவைத்தால் பின்னுக்குத் திரும்பத் தேவையில்லை. இதே எழுத்தாளரின் 'வெள்ளாவி' 2004இல் வந்தது. சலவைத் தொழிலாளர் சமூகத்துப் பெண்களின் வாழ்வைச் சொல்வது, இன்னும் கடுமையானது. இதைக் 'கசகறணம்' வாசித்த பிறகு எடுப்பது நல்லது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

அடுத்தது ஆர்.எம். நௌஷாத்தின் 'நட்டுமை'. காலச்சுவடு நடத்திய சுந்தர ராமசாமி 75 நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்று 2009இல் நூலானது. மெலிந்த புத்தகம். வயலும் நீரும் அவற்றின் மேல் மனிதர்களுக்குள்ள உரிமையும் பகையும்தான் பொருள். கிழக்கு முஸ்லிம்களின் வேளாண்மை வாழ்வை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன தமிழ் நாவல்கள் மிகக் குறைவு. வயலில் கால் வைக்காதவர்கள் இதைத் திறக்குமுன் சில சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. வயலைப் பற்றிய இந்தப் பக்கத்து எழுத்து எதற்கும் அவை உதவும். நிலத்துக்காரர் போடியார். அவரிடம் வேலைக்கு நிற்பவர் முல்லைக்காரர். வயல்கள் சேர்ந்த பெரும் பரப்பு வட்டை. அதன் நீரையும் ஒழுங்கையும் கவனிப்பவர் வட்டவிதானை. வரம்பில் நீர் விட வெட்டும் வாய் வக்கடை. அறுத்த கதிரை அடுக்கிவைப்பது சூடு, அதை அடிக்கும் தளம் களவெட்டி, அங்கே நெல்லுக்குப் பெயர் பொலி. வக்கடையை யார் எப்போது வெட்டினார் என்பதில் ஏன் ஒரு ஊரே இரண்டாகிறது என்பது தெரிந்துவிட்டால் நாவலின் வேகம் கூடும்.

'நட்டுமை'க்குப் பக்கத்திலேயே நீலாவணனின் 'வேளாண்மை'யையும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியநீலாவணையைச் சேர்ந்த நீலாவணன் 1931இல் பிறந்து 1975இல் மறைந்தார். அவரது கவிதைத் தொகுதி 'வழி' 1976இலும் 'வேளாண்மை' காவியம் 1982இலும், இரண்டும் அவர் போன பிறகே நூலாயின. மட்டக்களப்பு வேளாளக் குடும்பத்தின் வயலும் வீடும் செய்யுளில் நடக்கின்றன. செய்யுளென்று பயப்பட வேண்டாம். அடிகளின் சந்தத்துக்குள் அச்சு அசலான ஊர்ப்பேச்சு இருப்பதால், ஒருவர் பாடி மற்றவர் கேட்கும்போதுதான் அது முழுசாக விளங்கும். நாவலில் ஒரு அத்தியாயம், காவியத்தில் சில பக்கம் என்று மாற்றி மாற்றி வாசித்தால், ஒரே வயலை இரண்டு சமூகத்தார் இரண்டு வரம்பில் நின்று பார்ப்பதும் தெரியும், இரு பக்கத்துப் பேச்சும் எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பதும் தெரியும்.

சிறுகதைக்கு இரண்டு பெயர் போதும். உமா வரதராஜனின் 'உள்மன யாத்திரை' 1989இல் வந்த தொகுதி. அவருடைய 'அரசனின் வருகை' என்ற கதையை எங்கே கண்டாலும் விடாதீர்கள்: எரிந்து காயப்பட்டுக் கிடக்கும் ஒரு சிறு நகரம் அரசனை வரவேற்கத் தயாராகிறது. போர்க்காலத்தை உவமையாக எழுதியவர்களில் இவ்வளவு அடக்கமாக எழுதியவர் அரிது. மற்றது ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை', 1992. கல்குடாப் பக்கத்து முஸ்லிம் கிராமங்களின் பேச்சும் மனத்தாராளமும் இதில் இருக்கின்றன. உமா வரதராஜனை மௌனமாகவே வாசிக்கலாம், அவர் மொழி அப்படிச் செதுக்கியது. ஹனீபாவைக் கட்டாயம் வாய்விட்டு.

கவிதையில் தொடங்குபவர்கள் தனித் தொகுதிகளுக்குள் நேரே போகாமல், எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்து க்ரியா 1984இல் வெளியிட்ட 'பதினொரு ஈழத்துக் கவிஞர்க'ளில் இருந்து போகலாம். மஹாகவி, முருகையன் முதல் சேரன் வரை பதினொருவர். அதில் நீலாவணன், நுஃமான், சண்முகம் சிவலிங்கம் மூவரும் கல்முனைச் சுற்றுவட்டாரம். ஒவ்வொருவருக்கும் சில கவிதைகள் இருப்பதால் யார் உங்களுக்குப் பிடிக்கிறார் என்று தெரிந்துவிடும். அவரது தனி நூலுக்கு அதன் பிறகு போங்கள். நுஃமானுக்கு 'மழைநாட்கள் வரும்' (1983). அவர் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' (1981) இன்றைக்கும் சூடு ஆறாதது. பாண்டிருப்புச் சண்முகம் சிவலிங்கத்துக்கு 'நீர்வளையங்கள்' (1988). இவர் வரிகள் நீளமானவை, வாதம் செய்பவை. அவசரமாக வாசித்தால் உரைநடைபோலத் தோன்றும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கேதான் அவர் வரியை உடைக்கிறார் என்பதை வாய்விட்டு வாசிக்கும்போது பிடிக்கலாம்.

கல்முனைச் சோலைக்கிளி வேறு ரகம். 'எட்டாவது நரகம்' (1988), 'காகம் கலைத்த கனவு' (1991) இரண்டும் ஒரே மூச்சில் வாசிக்கத் தக்கவையல்ல. படிமம் படிமமாகக் கொட்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கவிதைக்கு மேல் போனால் எல்லாம் கலங்கி ஒரே நிறமாகிவிடும். "இதற்கு என்ன பொருள்" என்று ஒவ்வொரு வரியையும் மறித்துக் கேட்பவர்கள் இவரிடம் தோற்றுப்போவார்கள். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் நிறைந்த ஒரு காலத்தின் பயம் ஒரு பூனையாக, காகமாக, மரமாக உருமாறி வருகிறது என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனால் போதும்.

சாய்ந்தமருது அனாரின் கவிதைத் தொகுதிகளில் 'எனக்குக் கவிதை முகம்' (2007) நல்ல வாசல். ஆனால் அவர் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' (க்ரியா, 2013) தனியாகவே சொல்லப்பட வேண்டியது. கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களின் காதல் கவிகள் இவை. நாலு வரிக்குள் ஏக்கம், ஏச்சு, கேலி, சாபம் எல்லாம் அடங்கும். கலியாணத்துக்கு, பிறந்தநாளுக்கு என்று புத்தகம் பரிசளிக்க நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் முதல் தெரிவு இதுதான். வாசிக்கும் பழக்கமே இல்லாதவரும் இரண்டு பக்கம் புரட்டியதும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிவிடுவார். வீட்டில் வாப்பும்மாவோ அம்மம்மாவோ இருந்தால் அவர்கள் முன்னால் ஒரு கவியை வாசியுங்கள். வரி மாறிய இன்னொரு வடிவம் அவர்களிடமிருந்து வந்தால் அப்போதே தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; அச்சில் இல்லாதது அது.

வரலாற்றுப் புத்தகங்களுக்கு வருவோம். இங்கேதான் தவறான வாசிப்பு கூட. வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) எல்லோர் வீட்டிலும் இருக்க வேண்டியது. நாட்டுப்பாடல், கூத்து, கண்ணகி வழிபாடு, கொம்பு விளையாட்டு, கோயில்கள், பேச்சு வழக்கு என்று இந்த நிலத்தின் வாழ்வை ஒரே இடத்தில் அன்போடு திரட்டிய நூல். இதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில் நடக்கும் ஒரு சடங்கை எடுத்து, அது பற்றிய பகுதியை வாசித்து, இன்று எது மிஞ்சியிருக்கிறது, எது மாறியது என்று பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள்.

எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' (1962) வேறு வகை. ஏட்டுச்சுவடி மரபில் வந்த அரசர் கதை, கோயில் கதை, தாய்வழி வரும் குடி, சாதி ஒழுங்கு ஆகியவற்றின் தொகுப்பு. இதை ஆண்டு தேதிக்குச் சான்றாக எடுத்தால் தவறு நடக்கும். காரணம், இப்படிப்பட்ட ஏடுகள் ஒரு கையால் ஒரு காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. படியெடுத்தவர்கள் தங்கள் கோயிலுக்கும் குடிக்கும் வேண்டியதைச் சேர்த்திருப்பார்கள். எந்தக் கோயிலில் எந்தக் குடிக்கு என்ன உரிமை என்று மக்கள் நம்பினார்கள், அதை எப்படி நியாயப்படுத்தினார்கள் என்று அறியத்தான் இது பொக்கிஷம். எஸ்.ஈ. கமலநாதனும் கமலா கமலநாதனும் பதிப்பித்த 'மட்டக்களப்புப் பூர்வ சரித்திரம்' 2005இல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே சம்பவத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு கதை ஏட்டுக்கு ஏடு எப்படி இடம் மாறுகிறது என்பது கண்கூடு. ஒரு நூலின் ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு முகநூலில் ஊர்ப்பெருமைச் சண்டை போடுபவர்கள் இந்த ஒப்பீட்டை ஒரு தடவையாவது செய்ய வேண்டும்.

ஆங்கிலம் வாசிக்க முடிந்தவர்களுக்கு இரண்டு. எஸ்.ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றிய 'மோனோகிராஃப்' அரச நிர்வாகப் பார்வையில் அக்காலப் பிரிவுகள், பயிர், நீர்ப்பாசனம், மக்கள் பற்றிச் சொல்வது. அன்றைய மட்டக்களப்பு மாவட்டம் இன்றைய அம்பாறையையும் உள்ளடக்கியது என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டும். மற்றது டெனிஸ் மெக்கில்வ்ரேயின் 'க்ரூசிபிள் ஆஃப் கொன்ஃப்ளிக்ட்', டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம், 2008. அக்கரைப்பற்றில் பல பத்தாண்டுகளாகச் செய்த களஆய்வு. தாய்வழிக் குடி, பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கும் சீதன வீடு, கோயில் உரிமை, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குடிமுறையைப் பகிர்ந்தும் பிரிந்தும் நிற்பது எல்லாம் இதில் விரிவாக உண்டு. கனத்த புத்தகம், விலையும் கூட. பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டு வாசிப்பது புத்தி. 'கசகறணம்' வாசித்து முடித்த கையோடு இதில் குடி பற்றிய அத்தியாயங்களை எடுத்தால், நாவலில் "ஏன் இப்படிச் செய்கிறார்கள்" என்று தோன்றிய பல இடங்களுக்குக் காரணம் கிடைக்கும்.

வாய்விட்டு வாசிப்பது என்ற சொல்லே போதாத ஒரு நூல் 'கண்ணகி வழக்குரை'. வி.சீ. கந்தையாவின் பதிப்பு 1968. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை பாடப்படுவது. சிலப்பதிகாரத்தைப் படித்துவிட்டு இதற்கு வருபவர்கள் கதை வேறாக இருக்கிறதே என்று குழம்புவார்கள். கப்பல் வைத்த காதை, கடலோட்டு காதை போன்றவை இளங்கோவிடம் இல்லாதவை. கடலோடும் ஒரு கரையின் மக்கள் கதைக்குள் தங்கள் கடலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். புத்தகத்தை வீட்டில் வைத்து வாசிப்பதோடு விடாமல், வைகாசியில் காரைதீவிலோ உங்களுக்குக் கிட்டிய கண்ணகை அம்மன் கோயிலிலோ பாடும் இடத்துக்கு ஒரு இரவாவது போய், பாட்டுக்குப் பக்கத்தில் அச்சை வைத்துப் பாருங்கள். பூசை செய்யும் கட்டாடியாரின் ஏடும் அச்சுப் பிரதியும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாத இடங்கள் வரும். எது பிழை என்று அங்கே கேட்க வேண்டாம். இரண்டும் வழக்கில் இருப்பவை.

கூத்துக்கு சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' (1998). கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து உருவானது என்பதால் முதற்பகுதி கொஞ்சம் கனமாக இருக்கும். கூத்து பார்த்துப் பழகியவர்கள் நேரே வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளின் பகுதிகளுக்குப் போய்விட்டு, சமூகப் பின்னணிக்குப் பிறகு திரும்பலாம். ஆடுபவரிடம் அவரவர் பாட்டை எழுதிக் கொடுக்கும் சட்டம் கொடுப்பதிலிருந்து சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் வரை ஒரு ஊர் எப்படி மாதக்கணக்காகக் கூத்தில் கூடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு களரிக்குப் போனால், இரவு பார்ப்பது அதன் கடைசி நாள் மட்டுமே என்பது உறைக்கும். பறைமேளக் கூத்து, மகுடி, வசந்தன் ஆகியவற்றையும் ஒதுக்காமல் சமமாக எடுத்து எழுதியிருப்பது இந்நூலின் பெருமை.

இனி, பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ்நூல். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் வாழ்நாள் உழைப்பு. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்கள். வாங்கியவர்கள் அலுமாரியில் வைத்துக் கும்பிடும் புத்தகமாகவே இது கிடக்கிறது. அது வருத்தமான விஷயம், ஏனென்றால் ஒரு ஹார்மோனியமோ சின்னக் கீபோர்டோ இருந்தால் இதன் நடுப்பகுதியை யாரும் காதால் பிடிக்கலாம்.

இப்படிச் செய்யுங்கள். முதலில் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை உரையோடு ஒருமுறை வாசியுங்கள். விபுலாநந்தர் கேள்வியைத் தொடங்குவது அங்கிருந்துதான். பிறகு யாழுறுப்பியலை விட்டுவிட்டுப் பாலைத்திரிபியலுக்குப் போங்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும் ச ரி க ம ப த நி. பாலை என்பது இந்த ஏழு சுரமும் நிற்கும் ஒழுங்கு. செம்பாலை இன்றைய அரிகாம்போதி மேளம். கீபோர்டில் C என்ற வெள்ளைக் கட்டையைக் குரலாக வைத்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறி, ஏழாவது தாரத்துக்கு மட்டும் அதற்குக் கீழே உள்ள கறுப்புக் கட்டையைத் தொட்டால் செம்பாலை வரும். இப்போது கட்டைகளை மாற்றாமல், துத்தத்தைக் குரலாக எடுத்து அங்கிருந்து ஏறுங்கள்: படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. உழையிலிருந்து ஏறினால் அரும்பாலை, சங்கராபரணம். இளியிலிருந்து கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியிலிருந்து விளரிப்பாலை, தோடி. தாரத்திலிருந்து மேற்செம்பாலை, கல்யாணி.

பலர் நிற்பது கைக்கிளையில். அங்கிருந்து ஏறும் செவ்வழிப்பாலையில் குரலுக்கு நேரான இளி சுத்தமாக விழாது, அரைச்சுரம் குறைந்து நிற்கும். தாங்கள் பிழை விட்டோம் என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அது வாசிப்பவரின் பிழையல்ல. அந்தப் பாலையின் இயல்பே அது. மற்ற ஆறையும் முடித்துவிட்டு அதற்குத் திரும்புங்கள். இவ்வளவும் கையில் வந்த பிறகு பண்ணியலும் தேவாரவியலும் திறக்கும். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் இந்த வேலையை இரண்டு பின்னேரத்தில் சேர்ந்து செய்துவிடலாம். விஞ்ஞானமும் கணிதமும் படித்த ஒரு துறவி பழந்தமிழ் இசையைக் கணக்காக அவிழ்த்துக் காட்டிய அழகு அப்போதுதான் தெரியும். அதன் பிறகு ஆசை வந்தால் அவரது 'மதங்க சூளாமணி' (1926). ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என்று அழைத்து, பன்னிரண்டு நாடகங்களைத் தமிழில் அறிமுகம் செய்து நாடக இலக்கணம் பேசுவது.

பழைய பதிப்புகளை எங்கே தேடுவது? 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர்ச் சுனாமியும் அடித்த கரை இது. அறுபதுகளின் பிரதி உங்கள் வீட்டில் இருந்தால் அதை விலைமதிப்பற்றதாக எண்ணுங்கள். இல்லாதவர்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் பெரிய கைகொடுப்பு. 'மட்டக்களப்புத் தமிழகம்', 'மான்மியம்' இரண்டையும் அங்கே இலவசமாக இறக்கலாம். பக்கங்கள் படமாக இருப்பதால் போனில் எழுத்துப் பெரிதாக்கி வாசிப்பது கண்ணுக்குச் சிரமம். வேண்டிய அத்தியாயத்தை மட்டும் ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக அச்செடுத்துச் சுருள் கட்டிக்கொள்வது மலிவு. பழைய அச்சில் இளையவர்கள் தடக்குவது எழுத்துருவத்தில்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்ற பதின்மூன்றும் பழைய வடிவில் இருக்கும். இந்தப் பதின்மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தால் ஓரிரு நாளில் கண் பழகிவிடும்.

இந்தியப் பதிப்புகளை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாங்கும்போது புத்தகப் பெயரோடு ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதிக்கொடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தடவையில் சொன்னால் கடைக்காரர் எடுப்பித்துத் தருவது சுலபம். காசு கொடுக்குமுன் பக்க எண்களைப் பதினாறு பதினாறாகப் புரட்டிப் பாருங்கள். தாள்கள் கட்டுக்கட்டாக மடித்துக் கட்டப்படுவதால், தவறு நடந்தால் ஒரு கட்டே இல்லாமற்போகும் அல்லது இருமுறை வரும். மாரியில் வாவிக்காற்றும் கடற்காற்றும் சேர்ந்து தாளை ஈரமாக்கும்; அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வைத்து, தை பிறந்து வெயில் வந்ததும் புத்தகங்களை நிழலில் விரித்துக் காற்றுப்பட விடுங்கள். நேர்வெயில் ஆகாது, பசை வெடித்து ஒற்றைகள் கழன்றுவிடும்.

இலக்கணத்தில் நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' (1999) ஒன்றே போதும். இன்று நாம் எழுதும் தமிழுக்கு எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகள் நடப்பு உரைநடையிலிருந்து வருவன. உயர்தர மாணவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: சில இடங்களில் இவர் தரும் பகுப்பும் கலைச்சொல்லும் நன்னூல் வழியிலிருந்து வேறுபடும். பரீட்சைக்கு எதைக் கேட்கிறார்களோ அதைத் தனிக் கொப்பியில் வைத்துக்கொண்டு, விளங்குவதற்கு இதை வாசியுங்கள். அகராதிக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 2020இல் வந்த மூன்றாம் பதிப்பாக இருந்தால் நல்லது. இலங்கை வழக்குச் சொற்களுக்கும் அதில் இடம் உண்டு.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 'குட்டி இளவரசன்'. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரே பெயர்த்து க்ரியா 1981இல் வெளியிட்டது. பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் படுக்குமுன் ஒரு அத்தியாயமாகப் பெரியவர் வாசித்துக் காட்ட வேண்டியது. படங்களைக் காட்டிவிட்டு அவசரப்படுத்தாமல் விடுங்கள். கேள்விகள் அவர்களிடமிருந்தே வரும்.

பறவை பார்ப்பவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் நல்ல கைந்நூல்கள். ஜீ.எம். ஹென்றியின் 'எ கைட் டு த பேர்ட்ஸ் ஆஃப் சிலோன்' (1955) பழையது, ஆனால் ஒவ்வொரு பறவையின் குரலையும் நடத்தையையும் அவர் விவரிக்கும் விதத்துக்கு ஈடு இல்லை. அடையாளம் காண்பதற்கு ஜோன் ஹரிசன் எழுத, டிம் வோர்ஃபோக் படம் வரைந்த 1999ஆம் ஆண்டு ஒக்ஸ்ஃபோர்ட் நூல் உதவும். குமணப் பறவைச் சரணாலயத்துக்குப் போகும்போது பைக்குள் இருக்க வேண்டியது ஹரிசன், திரும்பி வந்து இரவில் வாசிக்க வேண்டியது ஹென்றி. தமிழில் இந்த ரசனையை ஊட்டுவதற்கு மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' (2002). கட்டுரைகள் ஒவ்வொன்றும் சிறியவை. காலையில் பால்தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் ஒன்றை வாசித்துவிடலாம். வாவிக்கரையில் நீர்க்காகத்தையும் கொக்கையும் தினமும் பார்த்தும் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கு இதையும் ஹரிசனின் படங்களையும் ஒன்றாகவே கொடுங்கள்.